மச்சான் துப்பின குழாய்

வெத்தலைப் பெட்டியை மூடிருங்கண்ணே. கோவிச்சுக்காதீங்க. வாசம் வந்தா எனக்குக் கை தானா நீண்டுரும். இன்னைக்கு நான் வெத்தலை போடக்கூடாது. காலையில அஞ்சு மணிக்கு வாயைக் கொப்பளிச்சதோட சரி, காப்பிகூடக் குடிக்கலை. விரதமெல்லாம் இல்லை. மதுரையில போய் எச்சி துப்பணும், அதுக்குத்தான் இந்தப் பஸ்ஸுல உக்காந்திருக்கேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எச்சி துப்ப எழுபது மைல் பஸ் ஏறிப் போறானேன்னு தோணத்தான் செய்யும். சும்மா தரையில துப்புறதில்லண்ணே, குழாய்க்குள்ள துப்பணும். அதை வச்சு டிஎன்ஏ பாப்பாங்க. ஒரு தடவை துப்பியாச்சு. அதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு, அதான் திரும்பப் போறேன். வாயில வெத்தலை இல்லாட்டி எனக்குப் பேச்சு நிக்காது. கேட்டுக்கிட்டே வாங்க, உங்களுக்கும் பொழுது போகும். நீங்க எங்க ஊரு ஆளு இல்லைல? அது போதும்.

நான் கூடாரம்பட்டி. பேரு கோட்டைச்சாமி. மலையடிவாரத்து ஊரு. அந்தக் காலத்துல ஏலக்காய் வியாபாரிங்க கழுதைப் பொதியோட மலையிலருந்து இறங்கி வந்தா, எங்க ஊருச் சத்திரத்துலதான் தங்குவாங்க. சத்திரத்தைப் பாத்துக்கிட்டது அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மூத்தவரு குருவப்பன், இளையவரு முத்திருளன். குருவப்பன் எங்க தாத்தாவுக்கு அப்பா. அவரு வழியில வந்த நாங்க மேலவீடு. முத்திருளன் வழியில வந்தவங்க கீழவீடு. ரெண்டு வீடும் பங்காளி, ஒரே குலசாமி. எங்களுக்குள்ள பொண்ணு குடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம். எங்க பிள்ளைகளும் அவங்க பிள்ளைகளும் அண்ணன் தங்கச்சி முறை. இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க, இதுலதான் என் கழுத்து மாட்டிக்கிட்டுக் கெடக்கு.

அந்தச் சத்திரத்துல தங்குன ஆளுங்க ஒவ்வொருத்தரா காணாமப் போனாங்க. நாலு வருசத்துல எட்டுப் பேரு. சோத்துல ஊமத்தை விதையை அரைச்சுக் கலந்து, மயங்கினதும் துண்டால கழுத்தை இறுக்கி, பொதியை எடுத்துக்கிட்டு ஆளைத் தோட்டத்துக் கெணத்துல போட்டுர்றது. யாரு செஞ்சான்னு நூறு வருசமா தெரியாது. எட்டாவது ஆளு மட்டும் சோறு சரியாத் திங்கலை போல, முழிச்சுக்கிட்டான். கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கான். மறுநா கெணத்துல மிதந்தப்ப, மூடின கையில ஒரு குடுமி. பாதிக் குடுமி. வேரோட, தோலோட பிடுங்கினது.

அப்ப ஆம்பளை எல்லாருக்கும் குடுமிதானே. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரு ஊரு ஆம்பளைகளை வரிசையா நிறுத்தி, ஒவ்வொருத்தனா குனியச் சொல்லிப் பாத்திருக்கான். எவனுக்குப் பாதிக் குடுமியோ அவன்தான் குத்தவாளி. சுலபமான வேலை. கடைசியா சத்திரத்து அண்ணன் தம்பி வந்து குனிஞ்சாங்க. ரெண்டு பேரும் மொட்டை.

பழனிக்கு வேண்டுதலாம். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேண்டுதல். தலை பூராச் சந்தனம். கழுவிப் பாத்தா ரெண்டு தலையிலயும் அங்கங்க கத்தி பட்ட காயம். ஒருத்தன் செஞ்சான், இன்னொருத்தன் கூடச் சேந்து மொட்டை போட்டு மறைச்சான். செஞ்சது யாரு, மறைச்சது யாருன்னு ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் வாயைத் தொறக்கலை. இன்ஸ்பெக்டரு அந்தக் குடுமியை ஒரு கண்ணாடிச் சீசாவுல போட்டு, அரக்கு வச்சு மூடிட்டுப் போயிட்டான்.

அதுலருந்து எங்களுக்கு மொட்டை வகையறான்னு பேரு. எங்க ரெண்டு வீட்டுலயும் பிள்ளைகளுக்கு முதமொட்டைகூட கெடையாதுண்ணே. அடிச்சா ஊரு சிரிக்கும். "இப்ப யாரைக் கொன்னீங்க?"ன்னு கேப்பாங்க. எனக்கு டைபாய்டு வந்து முடி கொட்டுனப்ப மூணு மாசம் தலையில துண்டைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

உங்க பாட்டன்தான் கொலைகாரன்னு நாங்க சொல்றது, உங்க பாட்டன்தான்னு அவங்க சொல்றது. கல்யாண வீடு, கருமாதி வீடு, எங்க பாத்தாலும் இதே பேச்சு. கீழவீட்டுல இப்ப அய்யாத்துரை. எனக்கு நாலு வயசு இளையவன். அவன் பெருசாச் சண்டைக்கு வரமாட்டான். "விடுண்ணே, ரெண்டு பேருமே நம்ம பாட்டன்தானே"ம்பான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது, அதான் அடங்கிப் போறான்னு நான் சொல்லுவேன்.

எங்க அப்பா சொல்லுவாரு, குருவப்பன் பாட்டனுக்கு பின்மண்டையில ஒரு ரூபா அகலத்துக்கு முடியே முளைக்கலையாம். சாகுற வரைக்கும் அங்கன யாரையும் தொட விடமாட்டாராம். அது பித்தம். பித்தம் தலைக்கு ஏறுனா அப்படித்தான் சொட்டை விழும். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க.

என்னத்துக்கு இப்படிப் பாக்குறீங்க. பித்தம்தாண்ணே.

போன வருசம் டாக்டர் பொற்கொடின்னு ஒரு அம்மா வந்தாங்க. ஊசி போடுற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். அந்தச் சீசா எங்கயோ பழைய சாமான் கெடங்குல இருந்திருக்கு, அரக்குக்கூட உடையாம. அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. நூறு வருசத்து முடி, ஆனா வேர் இருக்குறதால பாத்துரலாமாம். அப்பன்கிட்டருந்து மகனுக்கு, மகன்கிட்டருந்து பேரனுக்குன்னு ஆம்பளை வழியில பிசகாம இறங்குற ஒண்ணு இருக்காம். ரெண்டு வீட்டு ஆம்பளையும் எச்சி குடுத்தா ஒத்துப் பாக்கலாம்னாங்க.

நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுக் கேட்டேன். "எந்த வீடுன்னு சொல்லிருவீங்களாம்மா?"

"அது முடியாதுங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் இருக்கும். கொலைகாரன் இந்தக் குடும்பம்தான்னா, ரெண்டு வீடுமே ஒத்துப்போகும்."

எங்க தலையிலயும் சேத்து முத்திரை குத்திருவாங்கள்ல. அதுவரைக்கும் கீழவீடுன்னு சொல்லித் திரிஞ்சவன் நான். மாட்டேன்னு சொல்லிரலாம்னு வாயைத் தொறக்குறேன், அதுக்குள்ள அய்யாத்துரை, "குடுங்கம்மா குழாயை"ன்னு வாங்கி, அத்தனை பேரு பாக்கத் துப்பிக் குடுத்துட்டான். இனி நான் மாட்டேன்னா ஊரு விடுமா?

"எனக்குக் கூச்சமா இருக்கும்மா, உள்ள போய்த் துப்பிட்டு வர்றேன்"னு குழாயை வாங்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

அங்க என் மக இருந்தா. பாண்டிமீனா. ஒரே பொண்ணு, தேனியில ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை. அறிவுன்னா அறிவு, அப்படியொரு அறிவு. நான் குழாயைத் தொறக்காம உருட்டிக்கிட்டே நிக்கிறதைப் பாத்துட்டா. "பயமா இருக்காப்பா?"ன்னா. எனக்கென்ன பயம்னேன். "உங்களுக்கு இல்லப்பா, எனக்குத்தான். நாளைக்கு ஊரு ஒரு பேச்சு பேசினா நீங்க தாங்குவீங்களா?"ன்னு கண்ணைத் தொடைக்கிறா. பெத்த பிள்ளைக்கு என் மேல எம்புட்டு அக்கறைன்னு பாருங்க.

அப்பறம் அவளே ஒரு யோசனை சொன்னா. "வெத்தலை போட்ட வாயில எடுத்தாச் சரியா வராதுப்பா. உங்களுக்குப் பதிலா மாமா துப்பட்டும்." என் சம்சாரத்தோட தம்பி பால்சாமி, கொல்லையில உக்காந்து வாழைத்தண்டு உரிச்சுக்கிட்டிருந்தான். நான் சொன்னேன், அதுக்கு என் தம்பி மகன் இருக்கானே, நம்ம ரத்தம், அவனைக் கூப்புடுறேன்னு. "ஐயோ அப்பா, நம்ம ரத்தம் வேண்டாம். வேற ரத்தமா இருக்கணும்"னு அடிச்சுச் சொல்லிட்டா. அப்பறம்தான் எனக்கு உறைச்சுது. மச்சான் ரத்தம் வேறதானே, எதோடவும் ஒத்துப்போகாது, மேலவீடு தப்பிச்சுரும். கீழவீடு மட்டும் மாட்டும். அம்புட்டு நேரத்துல அம்புட்டு தூரம் யோசிச்சிருக்கா பாருங்கண்ணே, அப்பன் மானத்துக்காக.

பால்சாமி வந்தான், துப்பினான், போய்த் திரும்ப வாழைத்தண்டு உரிச்சான். எதுக்குன்னுகூட கேக்கலை. தங்கமான பய.

மூணு மாசங்கழிச்சு முடிவு வந்துச்சு. அந்தக் குடுமி கீழவீட்டோட அச்சா ஒத்துப்போச்சு. மேலவீட்டோட ஒத்துப்போகலை. ஊருக்கு நடுவுல வச்சு அந்த அம்மா காயிதத்தைப் படிக்கிறாங்க, எனக்குக் கால் தரையில நிக்கலை. அப்பறம் தயங்கித் தயங்கி, "ஐயா, ஒரு விசயம். இந்தக் கணக்குப்படி ரெண்டு வீடும் ஒரே ஆம்பளை வழி இல்லை. உங்க குருவப்பன் அந்தக் குடும்பத்துல பொறந்தவரா, இல்லை தத்து எடுத்தாங்களா?"ன்னு கேட்டாங்க.

நல்லா மாட்டிக்கிட்டேன். என்ன சொல்ல? ஆமாம்மா தத்துதான்னு சொல்லிட்டேன். எங்க பூசாரி, பொல்லாத ஆளு, "தத்துன்னாலும் பங்காளிதானய்யா, அதுல என்ன வித்தியாசம்?"ன்னாரு. உடனே என் மக, "முறையா தத்து எடுக்கலையாம் தாத்தா. சத்திரத்துல யாரோ விட்டுட்டுப் போன பிள்ளையாம். சும்மா சோறு போட்டு வளத்தாங்களாம். நீங்கதானேப்பா சொன்னீங்க?"ங்குறா. நான் எப்பம்மா சொன்னேன்னு கேக்கவா முடியும்? ஆமான்னேன். அவரு கொஞ்சம் பெரிய எடத்துப் பிள்ளைன்னு கேள்வின்னும் சேத்துச் சொன்னேன். சொல்றதைக் கொஞ்சம் நல்லாத்தான் சொல்லுவோமே.

அன்னைக்கு சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுல பேனர் வச்சாச்சு. பதினஞ்சு அடிக்குப் பத்து அடி. என் போட்டோ, பின்னாடி பரிசோதனைக் காயிதத்தைப் பெருசு பண்ணி. வாசகம் எழுதினது மீனாதான். "கூடாரம்பட்டி மேலவீட்டாருக்கும் கீழவீட்டாருக்கும் எவ்விதமான ரத்த சம்பந்தமும் இல்லை என்பதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது." நாங்க கொலைகாரன் வம்சம் இல்லைன்னு போடலாமேம்மான்னேன். இதுதாம்ப்பா கௌரவமா இருக்குன்னா. படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.

ஒரு வாரம் ராசா மாதிரி இருந்தேண்ணே. டீக்கடையில எனக்கு மட்டும் பெஞ்சைத் தொடைச்சுப் போட்டாங்க.

அப்பறம் மாசி சிவராத்திரி வந்துச்சு. பங்காளி எல்லாம் குலசாமிக்குப் பொங்க வைக்கப் போறாங்க. நானும் பானையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். பூசாரி வாசல்லயே நிறுத்திட்டாரு. "நீங்கதான் அந்தக் குடும்பமே இல்லைன்னு பேனர் வச்சிருக்கீங்களே, உங்க சாமி எங்க இருக்கோ அங்க போய்க் கும்பிடுங்க"ன்னுட்டாரு. அம்பத்தாறு வருசமா கும்பிட்ட சாமி. வெளிய வேப்பமரத்தடியில நின்னு கும்பிட்டேன். அழுகை வந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அதைவிட ஒண்ணு கேளுங்க. அய்யாத்துரை என்ன செஞ்சான் தெரியுமா? "ஆமா, எங்க பாட்டன்தான்"னு ஊருக்கு முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டு ஒத்துக்கிட்டான். இடிஞ்சு கெடந்த அந்தக் கெணத்தைச் சுத்திச் செடியெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணி, செத்த எட்டுப் பேருக்கும் எட்டு விளக்கு ஏத்தினான். நூறு வருசமா எங்க ரெண்டு வீட்டுல எவனுக்கும் அந்த எட்டுப் பேரை நெனைக்கத் தோணலை. எங்களுக்கு எங்க மொட்டைதான் பெருசா இருந்துச்சு. நான் தூரத்துல நின்னு பாத்தேன். கிட்டப் போக மூஞ்சி இல்லை.

ஏன்னா, பித்தமில்லண்ணே அது. எனக்கே தெரியும். பித்தத்துல வட்டமா ஒரு ரூபா அகலத்துக்கா முடி போகும்?

சரி, விசயத்துக்கு வர்றேன். அய்யாத்துரைக்கு ஒரே மகன், முகிலன். மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை வச்சிருக்கான். நல்ல பய, குனிஞ்ச தலை நிமிராதவன். தினமும் காலையில மீனாவைப் பைக்குல ஏத்திக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டுல விடுவான். அண்ணன் முறைதானே, நான் ஒண்ணும் சொல்லலை. ரெண்டும் போன்ல மணிக்கணக்கா பேசுங்க. கூடப்பொறந்தவங்க இல்லாத பிள்ளைக்கு ஒரு அண்ணனாவது இருக்கானேன்னு எனக்குச் சந்தோசமாக்கூட இருந்துச்சு.

அவனுக்குக் கம்பத்துல ஒரு பொண்ணு பேசி, பூ வைக்கிற வரைக்கும் வந்திருந்துச்சு. அப்ப மீனாவுக்குக் கண்ணெல்லாம் வீங்கிப்போய், ஒரு வாரம் சாப்பிடலை. கண்ணுவலின்னா. கொலைகாரன் வீடுன்னு ஊரறிஞ்சதும் கம்பத்துக்காரங்க, வேண்டாம் சாமின்னு ஓடிட்டாங்க. அன்னைக்குன்னு பாத்து அவளுக்குச் சம்பளம் கூடிருச்சாம், ஒரு கிலோ ஜிலேபி வாங்கியாந்து தெருவுக்கே குடுத்தா. அவளுக்கும் நான் ஒம்பது மாப்பிள்ளை பாத்துட்டேண்ணே. ஒருத்தனுக்குக் காது பெருசுங்குறா, ஒருத்தன் சிரிக்கிறது சரியில்லைங்குறா. அவ மனசுல என்னதான் இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

என்ன இருமல்? தண்ணி குடிங்க.

போன மாசம் அய்யாத்துரை தாம்பூலத் தட்டோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். "அண்ணே"ன்னான், அப்பறம், "இனி அண்ணேன்னு சொல்லக்கூடாதுல்ல"ன்னு சிரிச்சான். உள்ளுக்குள்ள வலிதான், வெளிய சிரிக்கிறான்னு நெனைச்சேன். "எங்க வீட்டுக்கு இனி எவன் பொண்ணு குடுப்பான்? ரத்த சம்பந்தம் இல்லைன்னு பஸ் ஸ்டாண்டுல நீயே எழுதி வச்சிருக்க. உன் பொண்ணைக் குடு"ன்னான்.

மாட்டேன்னு சொல்ல என்கிட்ட இருந்த ஒரே பதிலு பங்காளிங்கிறதுதான். அதைத்தான் நானே பதினஞ்சுக்குப் பத்துல இல்லைன்னு அடிச்சு வச்சிருக்கேன். இல்லப்பா, பங்காளிதான், துப்பினது என் மச்சான்னு சொன்னா, அப்ப நானும் கொலைகாரன் வம்சம், பயந்துக்கிட்டு ஏமாத்தினவன் வேற. இவன் என் பழியையும் சேத்துச் சுமக்குறான், இவனைப் போடான்னு சொல்ல வாய் வருமா?

மீனாகிட்டக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "உங்க மானம்தாம்ப்பா முக்கியம். நீங்க எங்க கழுத்தை நீட்டச் சொன்னாலும் நீட்டுறேன்"னுட்டா. என் பொண்ணு இருக்காளே, அவளுக்குக் கோயில் கட்டலாம். என் ஒரு பொய்யைக் காப்பாத்த, அண்ணனா நெனைச்சுப் பழகினவனுக்கு வாக்கப்படச் சம்மதிக்கிறா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. பட்டுச் சேலை எடுத்தாந்து ரெண்டு நாளாச்சு, நேத்து சாயங்காலம் அதைக் கையில வச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி உக்காந்து கண்ணு கலங்கிக்கிட்டிருக்கா.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். நாளை மறுநா. முறைகெட்ட கல்யாணத்தைப் பண்ணி வச்சு, பெத்த பொண்ணையும் பலி குடுத்துட்டு நான் மானத்தோட இருந்து என்ன பண்ண? அதான் கெளம்பிட்டேன். பொற்கொடியம்மா முன்னாடி உக்காந்து, என் எச்சியைத் துப்பி, நடந்ததைச் சொல்லிரப் போறேன். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். எம்பொண்ணு தப்பிச்சாப் போதும்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லும்மா. பஸ்ஸுல இருக்கேன். மதுரைக்கு. டாக்டரம்மாவைப் பாக்க. என்னத்துக்கா? எச்சி குடுக்க. என் எச்சி. ஆமா, எல்லாத்தையும் சொல்லப் போறேன். அழாதம்மா. உனக்காகத்தான் போறேன். உன்னைப் போய் அந்தப் பயலுக்கு... என்னது? இரு, பஸ் சத்தத்துல கேக்கலை. இன்னொருக்கா சொல்லு.

எத்தனை வருசமா?

முகிலனையா?

ம். ம். சரி. வையி. வையிம்மா, அப்பா அப்பறம் பேசுறேன்.

அண்ணே, கொஞ்சம் நகந்து உக்காருங்க. காத்து வரட்டும்.

மூணு வருசமாம். பைக்குல ஏத்திக்கிட்டுப் போனதெல்லாம் அதுதானாம். மாமா துப்பட்டும்னு சொன்னது எம்மானத்துக்கு இல்லையாம். வேற ரத்தம்னு ஆனாத்தான் பங்காளி இல்லைன்னு ஆகும், அப்பத்தான் கட்டிக்க முடியும்னு அந்த நிமிசத்துல தோணுச்சாம். பேனரும் அதுக்குத்தானாம். நான் என்னமோ அவளுக்குக் கோயில் கட்டுறேன்னு உங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

நீங்க எதுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சா? எந்த எடத்துல? ஜிலேபியிலயா? அடப்போங்கண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.

இன்னொண்ணு சொன்னா. அய்யாத்துரைக்கும் தெரியுமாம். பால்சாமி அன்னைக்கு ராத்திரியே போய் ஒப்பிச்சுட்டானாம். தங்கமான பயன்னு சொன்னேன் பாருங்க, அந்தப் பயதான். அய்யாத்துரை கேட்டுட்டுச் சிரிச்சானாம். "அண்ணனுக்குச் சின்னதுலருந்தே பயம் ஜாஸ்தி, இதை யாருகிட்டயும் சொல்லாத"ன்னானாம். அப்பறம்தான் ஊருக்கு முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டு எங்க பாட்டன்தான்னு சொல்லியிருக்கான். விளக்கு ஏத்தினதும், தட்டைத் தூக்கிக்கிட்டு வந்ததும் எல்லாம் தெரிஞ்சுதான். நான் இவனை அம்பது வருசமா கொலைகாரன் பேரன்னு வைஞ்சிருக்கேண்ணே. வெக்கமா இருக்கு.

கடைசியா அவ ஒண்ணு சொன்னா, அதுதான் உள்ள குத்துது. "உண்மை தெரியணும்னு போறீங்கன்னாப் போங்கப்பா. சித்தப்பா தலையில இருக்குற பழியை இறக்கணும்னாலும் போய்க் குடுங்க, நான் தடுக்கலை. கல்யாணம் நின்னா நிக்கட்டும். ஆனா எனக்காகப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்லை. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு." இருபத்தாறு வருசத்துல என் பொண்ணு என்கிட்ட ஒரு விசயத்தைச் சுத்தி வளைக்காம சொன்னது இதுதான்.

நீங்க சொல்லுங்க, என்ன செய்ய? உண்மையைச் சொன்னாப் பொண்ணு வாழ்க்கை போகும். சொல்லாட்டி முறை போகும். நாலு தலைமுறை தள்ளிப்போச்சு, ரத்தத்துல ஒண்ணும் இல்லப்பாங்குறா அவ. ரத்தத்தை யாரு கேட்டா? சின்னதுலருந்து அண்ணன் தங்கச்சின்னு சொல்லி வளத்த வாய் இது. ஆனா நான் என் முறையை எப்ப விட்டேன் தெரியுமா? மச்சான் கையில குழாயைக் குடுத்தேன்ல, அப்பவே விட்டுட்டேன். எனக்காகன்னா விடலாம், அவளுக்காகன்னா விடக்கூடாதா?

பழி இருக்கு. அது அவன் வீட்டுல மட்டும் கெடக்க வேண்டியதில்லை. என் பேரன் பேத்தி அங்கதான் பொறக்கப் போகுது, தானா என் வீட்டுக்கும் வந்துரும். அந்தக் கெணத்தடி விளக்குக்கு அடுத்த வருசம் எண்ணெய் நான் ஊத்துறேன். அய்யாத்துரைகிட்ட இன்னைக்கே போய், ரெண்டு பேரும் தனியா இருக்குறப்ப, பாட்டன் மண்டையில இருந்த சொட்டையையும் சொல்லிருவேன். அவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

திரும்பவும் அடிக்குது. இது அவ நம்பரு இல்லை. இருங்க.

யாரு? முகிலனா? சொல்லுப்பா. இல்லை, கோவமில்லை. இல்லப்பா, நான் மதுரைக்குப் போகலை. உசிலம்பட்டியில இறங்கித் திரும்பி வர்றேன். உங்கப்பாவை வீட்டுல இருக்கச் சொல்லு, பேசணும். நீ எதுக்குடா அழுகுற? இந்தா பாரு, இனிமே என்னைப் பெரியப்பான்னு கூப்புடாத. மாமான்னு கூப்புடு. எங்க, ஒருக்கா சொல்லு.

"சரிங்க பெரியப்பா"ங்குறாண்ணே, கூறுகெட்ட பய.

கண்டக்டரு, உசிலம்பட்டியில நிறுத்துங்க, ஒரு ஆள் இறங்கணும். பழகிருவான். நானும் பழகணும்ல.